கேட்பதற்கு ஏதாவது உண்டா

பதினொரு மணிக்குத் தொடங்கிய நேர்முகத் தேர்வு பதினொன்று ஏழுக்கு முடிந்துவிட்டது.

தனசேகரன் வெளியே வந்து வராந்தாவில் நின்றான். சுவர்க்கடிகாரத்தை இன்னொரு முறை பார்த்தான். ஏழு நிமிடத்துக்காக இரண்டு பஸ் மாறி வந்திருந்தான்.

உள்ளே எல்லாம் நன்றாகத்தான் போனது. எத்தனை வருஷ அனுபவம் என்றார் அதிகாரி. இருபத்தொன்று என்றான். கடைசியாகத் தூக்கிய பெரிய பாரம் எது என்றார். நாற்பது டன் கொதிகலன், கப்பலின் வயிற்றுக்குள்ளிருந்து என்றான். அதிகாரி மூன்று முறை தலையாட்டினார். பிறகு கோப்பை மூடிவிட்டு, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"எனி கொஸ்டின்ஸ்?"

தனசேகரன் எழுந்தான். குதிகால்கள் தாமாகச் சேர்ந்தன. கைகள் தொடையோடு ஒட்டின.

"நோ சார்!"

தட்டச்சு செய்துகொண்டிருந்த பெண்ணின் விரல்கள் நின்றன. பக்கத்து அறையிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்தார். அதிகாரியின் சிரிப்பு போய்விட்டது. காகிதத்தில் இரண்டே சொல் எழுதிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்துப் போனவன் பாயா லேபார் பக்கத்துப் பையன்; இருபத்தைந்து வயதிருக்கும். இருபது நிமிடம் கழித்து வந்தான்.

"கிடைச்சிருச்சு அண்ணே."

"என்ன கேட்டாரு?"

"உங்ககிட்ட கேட்டதேதான் இருக்கும். கடைசியில, நீ ஏதாவது கேக்கணுமான்னாரு. ஷூ கம்பெனி குடுக்குமா, நாங்களே வாங்கிக்கணுமான்னு கேட்டேன். சிரிச்சிட்டாரு. அப்புறம் அவரே பேச ஆரம்பிச்சிட்டாரு லா."

"ஷூவையா கேட்ட?"

"ஆமா. நீங்க என்ன கேட்டீங்க?"

தனசேகரன் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றான்.

அவன் வேலை பார்த்தது தஞ்சோங் ரூவில், கப்பல் பழுது பார்க்கும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில். பாரம் தூக்கும் கேங்கில் பதினான்கு பேர். தினமும் காலையில் அரைக்கால்சட்டை போட்ட எஞ்சினியர் வந்து அன்றைய வேலையை நான்கு வாக்கியத்தில் சொல்வார். முடித்ததும் "எனி கொஸ்டின்ஸ்?" என்பார். பதினான்கு பேரும் ஒரே குரலில் "நோ சார்" சொல்ல வேண்டும். ஒரு குரல் பிந்தினாலும் மறுபடி கேட்பார். புதிதாக வருகிறவனுக்குக் கயிறு முடிச்சுக்கு முன்னால் இதைத்தான் பழக்கினார்கள். அதைச் சொன்னால் வேலை தொடங்கும் என்பதற்கு மேல் அந்தச் சொற்களுக்குப் பொருள் உண்டு என்று தனசேகரன் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது கம்பெனி மூடப்போகிறது. 1967 ஜூன் முப்பது கடைசி நாள் என்று கடிதம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு மாதத்தில் கம்பெனி கொடுத்த அறையைக் காலி செய்ய வேண்டும். அந்த அறையில் அவன், மனைவி பூவம்மா, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்கள். மே பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கையில் இன்னும் ஒரே ஒரு நேர்முகத் தேர்வு. ஜூரோங்கில் புதிதாகத் தொடங்கிய கப்பல் பட்டறையில்.

அன்று மாலை ஸ்டோர் கிளார்க் ஜெயரத்தினம் படியேறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். யாருக்கு ஆங்கிலத்தில் மனு வேண்டுமென்றாலும் அவர்தான் எழுதுவார்.

"என்ன தனசேகரன், நோ சார் எண்டு கத்திப்போட்டு வந்திட்டீராம்."

தனசேகரன் பூவம்மாவைப் பார்த்தான். அவள் அரிசியைப் பார்த்தாள்.

"வாயில வந்திருச்சு சார்."

"அது உம்மட பிழையில்லை. இங்கத்தைப் பழக்கம். ஆனா இண்டர்வியூவில அப்பிடியில்லை. ஒண்டும் கேக்காதவனுக்கு வேலையில அக்கறை இல்லையெண்டு நினைப்பினம். நான் ஒரு கேள்வி எழுதித் தாறன். பாடமாக்கும்."

சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதி, உரக்கப் படித்தார். "வாட் ஆர் த ப்ராஸ்பெக்ட்ஸ் ஆஃப் அட்வான்ஸ்மெண்ட், சார்?"

அவர் போன பிறகு பூவம்மா கேட்டாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"வேலையில மேல போக வழி இருக்கான்னு."

"நாப்பத்திரண்டு வயசுல எங்க மேல போகப்போறீங்க? வீடு குடுப்பீங்களான்னு கேளுங்க."

"வீடெல்லாம் கேட்டா அனுப்பிருவான்."

"சரி, அதையே சொல்லுங்க. பாப்போம்."

"வாட் ஆர் த ப்ராஸ்…"

"பாதியிலயே மூச்சு வாங்குதே."

பெரியவள் நோட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்த வாரம் முழுதும் அவள்தான் அவனுக்குப் பாடம் கேட்டாள். வெள்ளிக்கிழமைக்குள் அவன் முழுதாகச் சொல்லிவிட்டான். சொல்ல வந்துவிட்டதே தவிர, அதன் பதில் என்னவாக இருந்தாலும் தனக்கு வேண்டியிருக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்தது.

சனிக்கிழமை மதியம் அவன் தேக்காவுக்குப் போனான். பஃபலோ ரோட்டில், மளிகைக் கடைக்கு முன்னால் ஐந்தடி நடைபாதையில், மாணிக்கத்தின் வெற்றிலை பாக்குக் கடை. பலகை ஒன்று, நாற்காலி ஒன்று, சிகரெட் டப்பாக்கள். மாணிக்கத்துக்கு இடது முழங்கைக்குக் கீழே கை கிடையாது. வெற்றிலையை அந்த முழங்கை முனையால் பலகையில் அழுத்திக்கொண்டு வலது கையால் சுண்ணாம்பு தடவுவான். பதினோரு வருஷமாகப் பழகிய வேகம்.

"வாப்பா நோ சார்."

"அதுக்குள்ள இங்க வந்திருச்சா?"

"காலையில தங்கச்சி பூவம்மா கருவாடு வாங்க மார்க்கெட்டுக்கு வந்துச்சு. கருவாட்டுக்கு முன்னாடி உன் கதைதான். உக்காரு."

தனசேகரன் கவிழ்த்து வைத்த பெட்டியில் உட்கார்ந்தான். சாலையில் ஆட்டுக் கூட்டம் ஒன்று லாரியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அது முழுதும் இறங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாணிக்கம்."

"ம்."

"அன்னிக்குக் காலையில அந்த வயரு."

மாணிக்கம் வெற்றிலையை மடித்தான்.

"அறுந்த கம்பி நீட்டிக்கிட்டு நின்னுச்சு. கொக்கியில மாட்டினப்ப நான் பாத்தேன். அப்பதான் அவன் வந்து எனி கொஸ்டின்ஸ்னான். நான் பாத்துட்டுத்தான் நோ சார் சொன்னேன்."

பதினோரு வருஷத்தில் இதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, பூவம்மாவிடம்கூட. அன்று பத்து மணிக்கு அந்தக் கம்பி வடம் அறுந்து இரும்புத் தகடு சரிந்தது. கீழே கையை வைத்திருந்தவன் மாணிக்கம்.

ஒரு மலாய்க்காரர் சிகரெட் கேட்டார். மாணிக்கம் எடுத்துக் கொடுத்தான். அவர் போகும்வரை காத்திருந்தான்.

"எத்தனை கம்பி அறுந்திருந்துச்சு?"

"அஞ்சாறு இருக்கும்."

"ஏழு."

தனசேகரன் நிமிர்ந்தான்.

"நான் எண்ணினேன்பா. நம்ம கேங்கு கோவிந்தசாமியும் பாத்தான். அவன் என் காதுல சொன்னான், நான் பேசாம நில்லுன்னேன். அன்னிக்கு எல்லாரையும் விடச் சத்தமா நோ சார் சொன்னது யாரு தெரியுமா? இந்தக் கடைக்காரன்தான்."

அவன் சிரித்தான். உண்மையான சிரிப்பு. தனசேகரனுக்கு அதோடு சேர்ந்துகொள்ள முடியவில்லை.

"நான் கேட்டிருந்தா?"

"என்னன்னு?"

"வயரை மாத்தணும் சார்னு."

"நாளைக்கு மாத்தறேம்பான். இன்னிக்குத் தூக்குங்கிறது மட்டும் மாறாது." மாணிக்கம் மடித்த வெற்றிலையை ஒரு தகர மூடியில் அடுக்கினான். "வேண்டாம்னு சொல்ற ஆளு அங்க ஒருத்தனும் இல்லைப்பா. பாக்கறதுக்குத்தான் பதினாலு பேரு இருந்தோம்."

தனசேகரன் ஒரு வெற்றிலைக்குக் கை நீட்டினான். மாணிக்கம் மூடியை நகர்த்தி வைத்தான்.

"ஜூரோங் முடியட்டும். பல்லைப் பாத்தே அனுப்பிருவான்."

புதன்கிழமை மூன்று பஸ் மாறினான். கடைசி பஸ் செம்மண் புழுதிக்குள் போனது. மரமே இல்லை. புதிய சாலை, புதிய கூரைகள், புதிய கம்பி வேலி. பத்து மணிக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஒன்பது இருபதுக்கே வந்துவிட்டான். அலுவலகத்துக்கு வெளியே பெஞ்சில் ஐந்து பேர் இருந்தார்கள்.

எதிரே முப்பது அடி தள்ளி ஒரு பாரந்தூக்கி ஓய்வாக நின்றது. கொக்கியிலிருந்து கம்பி வடம் தலை உயரத்தில் தொங்கியது. தனசேகரன் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றான். வேலியைப் பார்த்தான். கடலைப் பார்த்தான். பிறகு எழுந்து, காலை நீட்டிக்கொள்வதுபோல நடந்து, அங்கே போனான்.

பூவம்மா தேய்த்து மடித்துக் கொடுத்த கைக்குட்டையை எடுத்து வடத்தைச் சுற்றிப் பிடித்து மெதுவாக இழுத்தான். வெறுங்கையால் அதைத் தொடுகிறவன் தொழில் தெரியாதவன். அறுந்த கம்பி முடி கனம்தான் இருக்கும். கண்ணில் படாது, துணியில் மாட்டும்.

மாட்டியது. எடுத்துவிட்டு மறுபடி இழுத்தான். மறுபடி மாட்டியது. ஒரு சாண் நீளத்துக்குள் ஒன்பது இடம்.

கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு பெஞ்சுக்குத் திரும்பினான். பக்கத்தில் இருந்தவர் கேட்டார்.

"என்ன அண்ணே, கொடி கட்டிப் பாத்தீங்களா?"

"தூசியா இருந்துச்சு" என்றான்.

அவன் முறை வந்தபோது பதினொன்றாகிவிட்டது. மாடி அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர். மேனேஜர் லிம், முப்பத்தைந்து வயதுச் சீனர், சட்டைக் கையை முழங்கைவரை மடித்திருந்தார். பக்கத்தில் ஆள் எடுக்கும் பிரிவின் கிளார்க் அப்துல் முத்தலிப். லிம் ஆங்கிலத்தில் கேட்பதை முத்தலிப் தமிழில் சொன்னார். தனசேகரன் தமிழில் சொல்வது ஆங்கிலமாகிப் போனது.

கேள்விகள் நீண்டன. நாலு முனையில் மாட்டும் வடத்தில் பாரம் எப்படிப் பிரியும்? காற்றடித்தால் என்ன செய்வாய்? தூக்கும்போது யார் சைகை காட்ட வேண்டும், எத்தனை பேர் காட்டலாம்? ஒருத்தர்தான் என்றான். லிம் எதையோ எழுதினார். எழுதும்போது அவர் உதடு கொஞ்சம் முன்னால் வந்தது. அது நல்ல அறிகுறி என்று தனசேகரன் எடுத்துக்கொண்டான்.

வெளியே பாரந்தூக்கியின் எஞ்சின் உறுமத் தொடங்கியது.

ஜன்னல் லிம்முக்குப் பின்னால் இருந்தது. தனசேகரனுக்கு மட்டும் தெரிந்தது. நான்கு பேர் ஒரு தகட்டைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மேற்பார்க்கும் மண்டோர் இடுப்பில் கை வைத்து நின்றார்.

லிம் கோப்பை மூடினார். நாற்காலியில் சாய்ந்தார்.

"எனி கொஸ்டின்ஸ்?"

தனசேகரன் எழுந்தான். குதிகால்கள் நகர்வதை உணர்ந்தான். வாய்க்குள் அந்த இரண்டு சொல் வந்து உட்கார்ந்துவிட்டது. அதை விழுங்கினான். ஜெயரத்தினம் எழுதித் தந்த கேள்வி நினைவில் அப்படியே இருந்தது. ஒரு சொல்கூடச் சிந்தவில்லை. அதைச் சொன்னால் போதும். இந்த மனிதர் சிரிப்பார், பேச ஆரம்பிப்பார். ஜூரோங்குக்குக் குடிவந்தால் பெரியவள் பள்ளி மாற வேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

வெளியே வடம் இறுகியது.

"அந்த வயரு எப்ப மாத்தினது?" என்றான் தமிழில்.

முத்தலிப் மொழிபெயர்க்கவில்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, இது கேள்வி இல்லை, கம்ப்ளெய்ண்ட். நல்லாப் போயிட்டிருக்கு, கெடுத்துக்காதீங்க. லீவு எத்தனை நாள்னு கேளுங்க, நான் சொல்றேன்."

"கேளுங்க பாய்."

"எனக்கும் இங்க வேலை வேணும்ணே."

லிம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தனசேகரன் மலாய்க்கு மாறினான். இந்தத் தீவில் சந்தைக்குப் போகிற யாருக்கும் புரிகிற மலாய்; அதில் சாருக்குப் பதில் துவான்.

"துவான், அந்த வடத்தில் ஒன்பது கம்பி அறுந்திருக்கிறது. ஒரு சாணுக்குள். தூக்கக் கூடாது."

"உனக்கு எப்படித் தெரியும்?" லிம்மும் மலாயில் கேட்டார்.

தனசேகரன் கைக்குட்டையை எடுத்து மேசைமேல் விரித்தான். பூவம்மா போட்ட மடிப்பின்மேல் கிரீஸ் கறை. நெடுகச் சின்னச் சின்னக் கிழிசல். சில இடத்தில் நூல் வெளியே தொங்கியது.

லிம் அதை விரலால் தொட்டுக்கொண்டே எண்ணினார். முழுதும் எண்ணவில்லை. திரும்பி ஜன்னலைப் பார்த்தார். தகட்டின் ஒரு முனை தரையை விட்டு எழும்பியிருந்தது. முத்தலிப்பிடம் ஆங்கிலத்தில் ஒரு சொல் சொன்னார். முத்தலிப் நாற்காலி சாய எழுந்து ஓடினார்.

லிம் ஜன்னல் அருகே போனார். தனசேகரனும் போனான், யாரும் கூப்பிடவில்லை. கீழே முத்தலிப் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு புழுதியில் ஓடுவது தெரிந்தது. மண்டோர் அவரை வேண்டுமென்றே கவனிக்காமல் நின்றார். லிம் ஜன்னலைத் தட்டினார். மண்டோர் நிமிர்ந்து பார்த்தார். தகடு மெல்ல இறங்கிப் படுத்தது. எஞ்சின் நின்றது.

மண்டோர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார். ஏதோ கத்தினார். கண்ணாடிக்குள் அது கேட்கவில்லை.

"இந்தத் தகடு ஏற வேண்டிய கப்பல் நாளை போக வேண்டும்" என்றார் லிம். கோபமாகச் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்வதுபோல இருந்தது. "வேறு வடம் கட்ட ஒரு மணி நேரம் ஆகும்."

"முக்கால் மணி."

லிம் அவனைப் பார்த்தார்.

"ஆள் தெரிந்து கட்டினால்" என்றான் தனசேகரன்.

கீழே தகட்டைக் கட்டிய நால்வரில் இளையவன் ஒருவன் வடத்தருகே போய், தன் சட்டை முனையால் அதைத் தடவிப் பார்த்தான். சட்டை மாட்டிக்கொண்டது. மற்ற மூவரையும் கூப்பிட்டான்.

"இங்கே வடத்தைச் சோதிப்பது யார்?" தனசேகரன் கேட்டான்.

"யாரும் இல்லை." லிம் மேசைக்குத் திரும்பினார். மற்றவர்களின் கோப்புகளை ஒரு பக்கம் ஒதுக்கினார். அவனுடையதை மட்டும் எடுத்துத் திறந்தார். "போன மாதம் வரை தேவைப்படவில்லை. இப்போது வேலை மூன்று மடங்கு. அந்த ஆளைத்தான் இன்று தேடுகிறோம். உட்கார்."

முத்தலிப் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். நெற்றியில் செம்புழுதி. தனசேகரனைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அதில் திட்டும் இருந்தது, வாழ்த்தும் இருந்தது.

தனசேகரன் உட்காரவில்லை. குனிந்து தன் கால்களைப் பார்த்தான். ஒன்று முன்னால், ஒன்று பின்னால், அவை பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தன.

"துவான், இன்னும் ஒரு கேள்வி."

லிம் பேனாவைக் கீழே வைத்தார். "கேள்."

"இன்றைக்கு நீங்கள் ஜன்னலில் இருந்தீர்கள். இன்னொரு நாள் இருக்க மாட்டீர்கள். கப்பல் நாளைக்குப் போக வேண்டும். மண்டோர் தூக்கு என்கிறார், நான் வேண்டாம் என்கிறேன். அன்றைக்கு யார் சொல்வது நடக்கும்?"